ஐப்பசி வர்றதுக்குள்ள உங்க வீட்டை வெளியே ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டீங்களா?

காலையில 6 மணி ஷிஃப்ட். கம்பெனி பஸ்ல ஏறி, லைனுக்குப் போனதும் நீங்க முதல்ல செய்யுற வேலை என்ன? செக் ஷீட் எடுக்குறது. ஆயில் லெவல், ஏர் பிரஷர், சேஃப்டி சென்சார்னு ஒவ்வொண்ணா பார்த்து டிக் அடிச்சு, கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும். 'பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்' என்ற வார்த்தையை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் டீக்கடையிலகூடக் கேட்கலாம்.

சரி, ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுக்குறீங்களே ஒரு வீடு, அதுக்குச் செக் ஷீட் இருக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்கச் சரியான மாதம் புரட்டாசி. யூடியூப்ல பார்த்திருப்பீங்க. அமெரிக்கா, கனடா பக்கம் செப்டம்பர் வந்தா கூரை ஓரத்துல சேர்ந்த இலையை அள்ளுவாங்க, ஜன்னல் இடுக்கை அடைப்பாங்க. அவங்களுக்கு அடுத்து வரப்போறது பனி. நமக்கு வரப்போறது வடகிழக்குப் பருவமழை. வழக்கமா அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரைக்கும் போகும். தமிழ்நாட்டுக்கு இந்த 3 மாதத்துல சராசரியா கிடைக்குறது சுமார் 44 செ.மீ. ஆனா நம்ம பக்கம் மழை சராசரி பார்த்துப் பெய்யாது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள்ள தாம்பரத்துல 49 செ.மீ, செம்பரம்பாக்கத்துல 47 செ.மீ கொட்டியது. ஹூண்டாய், ரெனோ-நிஸான் போன்ற பெரிய ஆலைகளிலேயே அன்னிக்கு உற்பத்தி நின்றது. உங்க வீட்டு மொட்டை மாடி எம்மாத்திரம்?

அதனால இந்தக் கட்டுரை வீட்டுக்கு உள்ளே வராது. வெளியே மட்டும் சுத்தி வரப்போறோம். முதல்ல, நாம யாருமே பார்க்காத இடத்துல இருந்து.

1. காம்பவுண்டு சுவர்: ஆளைக் கொல்றது ஒழுகுற கூரை இல்லை

மழைன்னா எல்லாரும் மேலே பார்ப்போம். கூரை ஒழுகினா பக்கெட் வைப்போம், ஓனருக்கு போன் போடுவோம். காம்பவுண்டு சுவரை யாரும் பார்க்க மாட்டோம்.

2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்துல 11 மாடிக் கட்டடம் இடிஞ்சு 61 பேர் இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அது நடந்து 8 நாளில், ஜூலை 6-ம் தேதி, திருவள்ளூர் மாவட்டம் அலமாதி அருகே ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் மழையில் சாய்ஞ்சது. சுவரை ஒட்டிக் குடிசை போட்டுத் தங்கியிருந்த கட்டடத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமா மாட்டிக்கிட்டாங்க. 11 பேர் இறந்தாங்க. அது எத்தனை பேருக்கு நினைவிருக்கு?

2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூர். ஒரு தனியார் வீட்டின் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் பக்கத்துல இருந்த ஓட்டு வீடுகள் மேல விழுந்து, தூங்கிக்கிட்டிருந்த 17 பேர் இறந்தாங்க. அந்தச் சுவர் ஆபத்தா இருக்குன்னு முன்னாடியே சொன்னோம்னு அந்தப் பகுதி மக்கள் கதறினாங்க. அதைத் தீண்டாமைச் சுவர்னு சொல்லிப் போராட்டமும் நடந்தது. ரெண்டு சம்பவத்துலயும் இறந்தவங்க அந்தச் சுவருக்குச் சொந்தக்காரங்க இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவங்க.

ஏன் விழுது? கணக்கு எளிமையானது. சுவருக்குப் பின்னாடி 3 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிக்குதுன்னு வைங்க. 10 அடி நீளச் சுவர் மேல அந்தத் தண்ணீர் கொடுக்கிற தள்ளுவிசை மட்டும் சுமார் 1,270 கிலோ. தண்ணீர் உயரம் 6 அடி ஆனா தள்ளு 2 மடங்கு ஆகாது, 4 மடங்கு ஆகும். இதோட ஊறிப்போன மண்ணும் சேர்ந்து தள்ளும். நம்ம ஏரியாவுல நெல் வயலும் ஏரிக்கரையும் பிளாட் ஆன இடம் நிறைய. களிமண்ணா இருந்தா வெயில்ல சுருங்கும், மழையில உப்பும். ஆழம் இல்லாத அஸ்திவாரத்துல நாலரை இஞ்ச் சுவர் எழுப்பினா, அந்த ஆட்டத்தைத் தாங்காது.

என்ன பார்க்கணும்?

* ஒரு நூலில் கல்லைக் கட்டி, சுவர் உச்சியில் இருந்து தொங்கவிடுங்க. இதுதான் கொத்தனாரோட தூக்குக்குண்டு. மேலேயும் கீழேயும் சுவருக்கும் நூலுக்கும் இடைவெளி ஒரே மாதிரி இல்லைன்னா, சுவர் சாய்ஞ்சிருக்கு அல்லது வயிறு தள்ளியிருக்கு.
* சுவரோட நீளத்துக்குப் படுக்கை வசமா விரிசல் ஓடுதா? அது மோசமான அறிகுறி.
* ஒரு பக்கம் மண், ஜல்லி, கட்டட இடிபாடு கொட்டி வச்சிருக்காங்களா? மழைக்கு முன்னாடி அள்ளியே ஆகணும்.
* சுவரின் அடியில் தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்கா? இருந்தா அடைச்சிருக்கா? இல்லைன்னா கொத்தனாரை வச்சு, சில அடிக்கு ஒரு பைப் துண்டு விடலாம். சின்ன வேலைதான். ஆனா ஏற்கெனவே சாய்ஞ்ச சுவர்ல துளை போடக் கூடாது, அதை இறக்கிட்டு மறுபடி கட்டணும்.

சந்தேகம் இருந்தா, மழை நாளில் அந்தச் சுவர் பக்கம் பைக்கை நிறுத்தாதீங்க, தலைமாடு வைக்காதீங்க. பக்கத்து ஷெட்ல ஒடிஷா, பீகார் பசங்க தங்கியிருந்தா அவங்களுக்கும் சொல்லுங்க. பாஷை தெரியலைன்னா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சுவரைக் காட்டுங்க.

2. மொட்டை மாடி: 28 காரை மேலே பார்க் பண்ணுவீங்களா?

1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் விழும். 2015-ல் தாம்பரத்துல பெய்த 49 செ.மீ அதே மாடியில் விழுந்திருந்தா சுமார் 45,500 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி கிட்டத்தட்ட 4. இவ்வளவும் இறங்கிப் போக உங்க வீட்டுல இருக்கிறது ரெண்டோ மூணோ 4 இஞ்ச் பைப்.

அந்த ஓட்டையில ஒரு கேரி பேக் வந்து ஒட்டிக்கிச்சுன்னா? கைப்பிடிச் சுவர் இருக்கிறதால மாடி ஒரு தொட்டியா மாறிடும். 1 அடி தண்ணீர் தேங்கினா எடை 28 டன். ஒரு சின்ன கார் ஏறக்குறைய 1 டன். அதாவது, உங்க தலைக்கு மேல 28 காரை நிறுத்தின மாதிரி.

செய்ய வேண்டியது, வரிசையா:

* மாடியைக் கூட்டி அள்ளுங்க. உடைஞ்ச நாற்காலி, பெயின்ட் டப்பா, பழைய மெத்தை எல்லாம் கீழே. பறந்து போய் ஓட்டையை அடைக்கிறது இதுங்கதான்.
* ஓட்டை வாயில் ஒரு ஜாலி வைங்க. பிறகு ஒரு பக்கெட் தண்ணீர் ஊத்தி, கீழே பைப்ல வருதான்னு பாருங்க. ஒரு ஆள் மேலே, ஒரு ஆள் கீழே.
* தரை முழுக்கத் தண்ணீர் ஊத்தி அரை மணி நேரம் கழிச்சுப் போட்டோ எடுங்க. எங்கே குட்டை நிக்குதோ அங்கே வாட்டம் சரியில்லை.
* தரையும் கைப்பிடிச் சுவரும் சேர்ற மூலையை நல்லா பாருங்க. ஒழுகல் பெரும்பாலும் நடுவுல ஆரம்பிக்காது, இந்த ஓரத்துலதான் ஆரம்பிக்கும். அங்கே கலவையைச் சரிவா பூசி, மேலே வாட்டர் ப்ரூஃபிங் அடிக்கணும்.
* டிஷ் ஆன்டெனா போல்ட், துணிக் கொடி கொக்கி... இப்படித் துளை போட்டுக் கழட்டின இடம் எல்லாம் அடைச்சிருக்கான்னு பாருங்க.

ஒரு முக்கியமான விஷயம். வாட்டர் ப்ரூஃபிங் எதுவா இருந்தாலும் தரை காய்ஞ்சிருக்கணும், அடிச்ச பிறகும் மழை இல்லாம ஒன்றிரண்டு நாள் வேணும். புதுசா சிமென்ட் பூசினா ஒரு வாரமாவது தண்ணீர் காட்டணும், அப்புறம் காயணும், அதுக்கப்புறம்தான் பெயின்ட். அதனாலதான் தீபாவளிக்கு முந்தின வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டா பிரயோஜனம் இல்லை. அவரும் கிடைக்க மாட்டார், வெயிலும் கிடைக்காது.

3. சன்ஷேடும் சுவரும்: தட்டிப் பாருங்க, சொல்லும்

ஒரு நீளக் குச்சியால சன்ஷேடின் அடிப்பக்கத்தை மெதுவா தட்டுங்க. நேர் கீழே நிக்காம, தள்ளி நின்னு தட்டுங்க. 'டங்'னு கெட்டியா கேட்டா பிரச்னை இல்லை. 'டொப்'னு காலியா கேட்டா பூச்சு கம்பியை விட்டுப் பிரிஞ்சிருச்சு. விரிசல் வழியா தண்ணீர் போய்க் கம்பி துருப்பிடிச்சா, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது உள்ளே இருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அடுத்த மழையில் அந்தத் துண்டு யார் தலையில் விழும்னு சொல்ல முடியாது. துரு தெரிஞ்ச இடத்தில் மேலே பெயின்ட் அடிச்சு மறைக்காதீங்க. பெயர்த்து, துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சு கொடுத்துத்தான் மறுபடி பூசணும்.

சுவர் விரிசலுக்கு ஒரு ரூபாய் டெஸ்ட். நாணயத்தின் விளிம்பு உள்ளே நுழையலைன்னா அநேகமா பூச்சு விரிசல்தான், கிராக் ஃபில்லர் போதும். நுழைஞ்சா, அல்லது ஜன்னல் மூலையில் இருந்து படிக்கட்டு மாதிரிச் சாய்வா ஓடினா, கொத்தனார் போதாது, இன்ஜினீயர் பார்க்கணும்.

சுவர் இடுக்குல குட்டியா ஒரு அரசங்கன்று நிக்குதா? பறவை எச்சத்துல வந்த விதை. 'பாவம், இருக்கட்டும்'னு விட்டா 2 மழையில் வேர் சுவரைப் பிளந்துடும். இலையை மட்டும் கிள்ளினா திரும்பத் துளிர்க்கும். வேரோட எடுத்து வேற இடத்துல நடுங்க, அந்த இடுக்கைக் கலவை வச்சு மூடுங்க.

உள்ளே ஓதம் காத்துச் சுவர் பொரியுதுன்னா பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிறது வீண் செலவு. நான் முன்னாடி வாடகைக்கு இருந்த வீட்டுல இதைத்தான் செஞ்சேன். 2 வருஷம், ரெண்டு தடவை. மூணாவது தடவைதான் வெளியே போய்ப் பார்த்தேன். பாத்ரூம் பைப்ல ஒரு ஜாயின்ட் விலகி, மழைத் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் அந்தச் சுவர் மேலேயே வழிஞ்சுக்கிட்டிருந்தது. உள்ளே தெரியுற கறைக்குக் காரணம் வெளியேதான் இருக்கும்.

4. ஷீட் கூரை, தண்ணீர் டேங்க்: காத்து வரும் நாளுக்கு

2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னைப் பக்கம் கரையைக் கடந்தப்போ மணிக்கு 100 கி.மீ-க்கு மேல காத்து. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவுலதான், ஆனா நம்ம பக்கம் மழையில மிதந்தோம். லைன் வீட்டுல, மாடி மேல போட்ட ஷீட் ரூம்ல இருக்கிறவங்க இதைக் கவனிங்க.

ஷீட் பறக்காம இருக்க மேலே செங்கல், டயர் வைக்கிறது நம்ம ஊர் வழக்கம். புயல் காத்துல அந்தச் செங்கல்லே ஏவுகணை ஆகிடும். ஷீட்டைப் பிடிக்க வேண்டியது ஜே போல்ட். துருப்பிடிச்சது, வாஷர் போனது எல்லாத்தையும் மாத்தச் சொல்லுங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல நீங்களா ஏறாதீங்க, கால் வச்ச இடத்துல உடையும்.

மாடியில இருக்கிற பிளாஸ்டிக் டேங்க் காலியா இருந்தா காத்து தூக்கிடும். புயல் எச்சரிக்கை வந்தா முதல் வேலையா அதை நிரப்புங்க. அடுத்த நாள் கரன்ட் இல்லைன்னா அதே தண்ணீர் உதவும்.

5. மீட்டர் பாக்ஸ்: கை வைக்கும் முன் கண் வைங்க

மீட்டர் பாக்ஸ் மேல மழை நேரா அடிக்குதா? கதவு மூடுதா? சர்வீஸ் ஒயர் மரக்கிளையிலயோ தகர ஷீட்டிலயோ உரசுதா? இதெல்லாம் பார்க்க மட்டும்தான். சரி செய்ய எலெக்ட்ரீஷியன், மீட்டருக்கு முந்தின ஒயர்னா மின்வாரியம். 'மின்னகம்' எண் 94987 94987, 24 மணி நேரமும் கூப்பிடலாம். உங்க போர்டுல ஆர்.சி.சி.பி இருந்தா, அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. உடனே ட்ரிப் ஆகணும். ஆகலைன்னா மாத்தணும்.

இரும்பு ஏணியோட சர்வீஸ் ஒயர் பக்கம் போகவே கூடாது.

6. தரையில்: தண்ணீருக்கு வழி விடுங்க

2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்க. நிறைய வீட்டுல அந்தக் குழி இன்னிக்குக் குப்பைத் தொட்டி. மூடியைத் திறந்து, மேல இருக்கிற சேற்றை அள்ளி, ஜல்லியையும் மணலையும் கழுவிப் போட்டா மறுபடி உயிர் வரும். சம்ப் மூடி தரை மட்டத்தைவிட உயரமா இருக்கணும். இல்லைன்னா தெருச் சாக்கடைதான் உங்க குடிதண்ணீர்ல கலக்கும். வாசல் பக்கம் மழைநீர்க் கால்வாய் மேல ஸ்லாப் போட்டு பைக் ஸ்டாண்ட் ஆக்கியிருந்தா, அடியில தண்ணீர் ஓடுதான்னு பார்த்துடுங்க.

'நான் வாடகைக்குத்தானே இருக்கேன்... எனக்கெதுக்கு?'

இதுதான் இங்கே உண்மையான பிரச்னை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறந்தாங்க. அந்த மாதிரி இடத்துல பராமரிப்புன்னு ஒரு பிரிவு இருக்கும். சுங்குவார்சத்திரத்துலயும் மாத்தூர்லயும் படப்பையிலயும் ஒரு ரூமுக்கு 4 பேர், 6 பேர்னு தங்கியிருக்கிறவங்களுக்கு? ஓனர் வேற ஊர்ல இருப்பார். வாடகை ஜி-பே-ல போகும். வீட்டுக்கு உள்ளே நீங்க கூட்டுறீங்க. வெளிப்பக்கம் யாருக்கும் சொந்தமில்லாம நிக்கும்.

சட்டம் என்ன சொல்லுது? வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் உரிமைகள் பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டின் 2017-ம் வருஷச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வாடகைக்கு இருக்கிறவரால ஏற்பட்ட சேதம் தவிர, கட்டட அமைப்பு சார்ந்த பழுது, குழாய் மாத்துறது, வெளிப்பக்க ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. சாக்கடை அடைப்பு எடுக்கிறது, குழாய் வாஷர், ஜன்னல் கண்ணாடி மாதிரிச் சின்ன வேலைகள் உங்க பொறுப்பு. தன் பங்கு வேலையை ஓனர் செய்ய மறுத்தா, நீங்க செஞ்சுட்டு வாடகையில் கழிச்சுக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். எடுத்ததும் கழிச்சுடாதீங்க, முதல்ல எழுத்துல தகவல் கொடுங்க.

அந்தத் தகவல் சண்டையா இருக்க வேண்டியதில்லை. இப்படி அனுப்பிப் பாருங்க:

'வணக்கம் அண்ணா. மாடி போர்ஷன்ல இருக்கிற நாங்க பேசுறோம். மழைக்கு முன்னாடி வீட்டைச் சுத்திப் பார்த்தோம். மாடியைக் கூட்டி, பைப் அடைப்பை நாங்களே எடுத்துட்டோம். பின்பக்கக் காம்பவுண்டு சுவர் சாய்ஞ்சிருக்கு, சன்ஷேடுல கம்பி தெரியுது. போட்டோவும் வீடியோவும் அனுப்பியிருக்கோம். அடியில பசங்க படுக்குறாங்க, பயமா இருக்கு. ஐப்பசிக்கு முன்னாடி கொத்தனாரை ஒரு தடவை அனுப்பி வைங்க அண்ணா. ஞாயிற்றுக்கிழமை நாங்க கூட இருந்து பார்த்துக்கிறோம்.'

நீங்க செஞ்சதை முதல்ல சொல்லுங்க. அவர் செய்ய வேண்டியதை போட்டோவோட, தேதியோட கேளுங்க. பெரும்பாலான ஓனர்களுக்கு வீடு கெட்டுப்போறதுல விருப்பம் இருக்காது, அவங்க கண்ணுல படலை, அவ்வளவுதான். அப்படியும் அசையலைன்னா, அந்த மெசேஜ் உங்ககிட்ட ஆதாரமா இருக்கும். சுவர் பொது ஆபத்தா இருந்தா ஊராட்சி அலுவலகத்துலயோ, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துலயோ மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100. மழை வெள்ள அவசரத்துக்கு மாவட்ட எண் 1077, மாநில எண் 1070. நாலையும் இப்பவே போன்ல சேவ் பண்ணிடுங்க.

4 ஞாயிறு போதும்

* முதல் ஞாயிறு: போனோட வீட்டைச் சுத்தி வாங்க. காம்பவுண்டு சுவர்ல ஆரம்பிங்க. போட்டோ எடுத்து ஓனருக்கு மெசேஜ்.
* இரண்டாவது: மொட்டை மாடி சுத்தம், பைப், பக்கெட் டெஸ்ட்.
* மூன்றாவது: கொத்தனார் வேலை. ரூம்ல யாருக்கு லீவோ அவர் கூட நிக்கட்டும்.
* நாலாவது: காய்ஞ்ச இடத்தில் வாட்டர் ப்ரூஃபிங், ஷீட் போல்ட், சேகரிப்புக் குழி.

ரூம்ல 4 பேர் இருந்தா, ஆளுக்கு ஒரு ஞாயிறு, 2 மணி நேரம். கம்பெனியில செக் ஷீட்ல கையெழுத்துப் போடுற மாதிரி, முடிச்ச வேலையை ரூம் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க.

அலமாதியிலும் நடூரிலும் அந்தச் சுவர்களைத் தினமும் பார்த்துக்கிட்டேதான் மக்கள் இருந்தாங்க. உங்க வீட்டுச் சுவரையும் நீங்க தினமும் பார்க்குறீங்க. இந்த ஞாயிறு அதுல ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்க. நூலும் சுவரும் சேர்ந்து நேரா நின்னா, அன்னிக்கு ராத்திரி மழை சத்தம் கேட்டுக்கிட்டே நிம்மதியா தூங்கலாம்.